கீமோவால் வரும் குமட்டலும் வாந்தியும்: மருந்துகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவின் மருந்தகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கீமோ முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவுகள் விளக்கத்துக்காக மட்டுமே தரப்பட்டுள்ளன. உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கீமோ ஏற்றினால் ஏன் வாந்தி வருகிறது? மருந்து வயிற்றைப் புண்ணாக்கிவிடுகிறதா?

வயிறு புண்ணாவதால் வருவதன்று. நஞ்சு உள்ளே நுழைந்தால் அதை வெளியே தள்ளுவதற்கு உடல் தனக்கென்று ஒரு காவல் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கீமோ மருந்து அந்தக் காவலைத் தட்டி எழுப்பிவிடுகிறது. சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சில செல்கள், கீமோ மருந்தால் தாக்கப்பட்டவுடன் செரோடோனின் என்ற வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. (உடலிலுள்ள செரோடோனினில் மிகப் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில்தான் இருக்கிறது என்று சொன்னால் பலரும் வியப்படைகிறார்கள்.) அது குடலிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்ட, அந்தச் செய்தி மூளைத்தண்டிலுள்ள வாந்தி மையத்தை எட்டுகிறது. இது பெரும்பாலும் முதல் நாளில் நடப்பது. அடுத்த நாள்களில் மூளையில் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற வேறொரு பொருள் முக்கியப் பங்கு வகிக்கிறது. இரண்டும் தனித்தனி வழிகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஏன் இத்தனை மாத்திரைகள், ஏன் இத்தனை நாள்கள் என்ற கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

எல்லாக் கீமோவுக்கும் வாந்தி வருமா?

வராது. தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் நூறு பேரில் எத்தனை பேருக்கு வாந்தி வரும் என்பதை வைத்துக் கீமோ மருந்துகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். 90 பேருக்கு மேல் என்றால் உயர்நிலை. சிஸ்பிளாட்டினும், மார்பகப் புற்றுநோய்க்குச் சேர்த்துக் கொடுக்கப்படும் டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு இணையும் இதில் அடங்கும். 30 முதல் 90 வரை நடுத்தர நிலை. ஆக்சாலிபிளாட்டின் இதற்கு எடுத்துக்காட்டு. பேக்லிடாக்சல், ஜெம்சிடபின் போன்றவை 10 முதல் 30 வரையுள்ள குறைந்த நிலையைச் சேர்ந்தவை. வின்கிரிஸ்டின் போன்ற சிலவற்றுக்குப் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட வாந்தி வருவதில்லை. ஆகவே பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு ஒரு மாத்திரையும் உங்களுக்கு நான்கும் எழுதப்பட்டிருந்தால், உங்கள் நோய் அவருடையதைவிட மோசம் என்று பொருளில்லை. மருந்து வேறு என்பதுதான் பொருள்.

ஆளைப் பொறுத்தும் இது மாறும். பெண்களுக்கும், ஐம்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், பேருந்தில் ஏறினாலே வாந்தி எடுப்பவர்களுக்கும், மசக்கையில் மிகவும் சிரமப்பட்டவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். மதுப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் அப்படியே. மசக்கை அனுபவத்தை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இப்போது எதற்கு என்று நினைத்துப் பல தாய்மார்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

வாந்தி வந்தால் மாத்திரை போட்டுக்கொள்ளலாமே, வராதபோதே ஏன் விழுங்க வேண்டும்?

என் அனுபவத்தில் மிக அதிகமான துன்பத்துக்குக் காரணமாக இருப்பது இந்த ஒரு எண்ணம்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இம்மருந்துகள் வந்த வாந்தியை நிறுத்துவதைவிட வரவிருக்கும் வாந்தியைத் தடுப்பதில்தான் வல்லவை. நரம்பில் செரோடோனின் வந்து ஒட்ட வேண்டிய இடத்தை மருந்து முன்கூட்டியே அடைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டிய பிறகு போட்டால் பலன் பாதியாகிவிடும். மேலும், ஒருமுறை கடுமையாக வாந்தி எடுத்தவருக்கு அடுத்த சுற்றிலும் அது வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் முதல் சுற்றிலேயே சரியாகத் தடுத்துவிடுவது எல்லாச் சுற்றுகளுக்குமான முதலீடு.

அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாள் இரண்டாம் சுற்றுக்கு வந்தபோது, முதல் சுற்றில் நான் கொடுத்தனுப்பிய மாத்திரை அட்டையை அப்படியே என் மேசைமேல் வைத்தார். ஒரு குமிழ்கூடப் பிரிக்கப்படவில்லை. அட்டையின் பின்புறம் நான் பேனாவால் எழுதிய ‘நாளைக் காலை’, ‘நாளை மறுநாள் காலை’ என்ற எழுத்துகள் அழியாமல் இருந்தன. “அன்னைக்கு ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு சார், எதுக்கு வீணா மாத்திரைன்னு விட்டுட்டேன். மூணாம் நாள் பச்சைத் தண்ணிகூட உள்ள போகல” என்றார். அவருக்கு ஏற்றப்பட்டது சிஸ்பிளாட்டின். அம்மருந்துக்கு முதல் 24 மணி நேரத்தில் ஒரு வாந்தி அலையும், ஏறத்தாழ 48 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும் மற்றொரு அலையும் உண்டு. மருத்துவமனையில் ஊசியாகப் போட்ட மருந்து முதல் அலையைத் தடுத்துவிட்டது. இரண்டாவது அலைக்கான மருந்து அந்த அட்டைக்குள் இருந்தது. இரண்டாம் சுற்றில் அவர் எல்லாவற்றையும் நாள் தவறாமல் போட்டார். குமட்டல் சற்று இருந்தது, வாந்தி வரவில்லை.

ஒரே தொல்லைக்கு மூன்று நான்கு மருந்துகள் எதற்கு?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வாசலை அடைக்கிறது. ஆன்டான்செட்ரான், கிரானிசெட்ரான், பலோனோசெட்ரான் ஆகியவை செரோடோனின் வழியை அடைப்பவை. பலரும் ‘எமிசெட்’ என்று பெயர் சொல்லிக் கேட்பது ஆன்டான்செட்ரானைத்தான். பலோனோசெட்ரான் உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 40 மணி நேரம் ஆவதால், கீமோவுக்கு முன் போடும் ஓர் ஊசியே சில நாள்களுக்குக் காக்கிறது. அப்ரெபிட்டன்ட் ‘சப்ஸ்டன்ஸ் பி’ வழியை அடைக்கிறது; வழக்கமாக முதல் நாள் கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன் 125 மி.கி., அடுத்த இரண்டு நாள்களும் 80 மி.கி. என்று மூன்று கேப்சூல்களாகத் தருவார்கள். அதற்குப் பதிலாக ஃபோசப்ரெபிட்டன்ட் என்ற ஊசியை முதல் நாள் மட்டும் போட்டிருந்தால் வீட்டுக்குக் கேப்சூல் வராது; மறந்துவிட்டார்களோ என்று பதற வேண்டியதில்லை. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மற்ற மருந்துகளின் பலனைக் கூட்டுகிறது. நான்காவது ஒலான்சபின், அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

இவையெல்லாம் எளிதில் வந்து சேர்ந்தவை அல்ல. சிஸ்பிளாட்டின் 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆன்டான்செட்ரான் வந்தது 1991-இல். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் வாந்தியைத் தாங்க முடியாமல் சிகிச்சையையே பாதியில் விட்டவர்கள் உண்டு. 1983-இல் ஆஸ்திரேலியாவில் கீமோ பெற்றவர்களிடம் எது உங்களுக்கு மிகக் கொடிய பக்க விளைவு என்று கேட்டபோது, வாந்தி முதலிடத்திலும் குமட்டல் இரண்டாமிடத்திலும் வந்தன. முடி உதிர்தல்கூட அவற்றுக்குப் பின்னால்தான்.

ஒலான்சபின் மனநோய்க்கான மாத்திரை என்று இணையத்தில் போட்டிருக்கிறதே?

ஆம், அது முதலில் மனநலச் சிகிச்சைக்காக வந்த மருந்துதான். ஆனால் குமட்டலைத் தூண்டும் பல ஏற்பிகளை, அதாவது வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் இடங்களை, அது ஒரே நேரத்தில் அடைக்கிறது என்பதால் இப்போது கீமோவுக்கும் பயன்படுகிறது. மற்ற மூன்று மருந்துகளுடன் 10 மி.கி. ஒலான்சபினைச் சேர்த்தால் வாந்தியோடு குமட்டலும் தெளிவாகக் குறைகிறது என்று 2016-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. வாந்தியை நிறுத்தும் பல மருந்துகள் குமட்டலிடம் தோற்றுப்போகின்றன. ஒலான்சபின் அவ்வளவு எளிதில் தோற்பதில்லை. ஆகவே “எங்கம்மாவுக்குப் புத்தி நல்லாத்தான இருக்கு, இத ஏன் எழுதினாங்க?” என்று கோபத்தோடு வரும் மகனுக்கும் மகளுக்கும் நான் சொல்வது: இது நான்கு நாள் மருந்து, குமட்டலுக்காக மட்டும் எழுதப்பட்டது, அம்மாவின் மனத்தைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் அதில் இல்லை.

தூக்கம்தான் இதன் பெரிய சிக்கல். இரவில் போட்டாலும் மறுநாள் பகலிலும் சிலர் சோர்ந்து கிடப்பார்கள்; வயதானவர்கள் இரவில் கழிவறைக்கு எழும்போது தள்ளாடி விழும் ஆபத்து உண்டு. ஜப்பானில் 5 மி.கி. போதும் என்று 2019-இல் காட்டினார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இன்னும் குறைத்து 2.5 மி.கி. கொடுத்துப் பார்த்து, வாந்தித் தடுப்பில் அது 10 மி.கி. அளவுக்குக் குறைந்ததன்று என்றும் பகல் தூக்கம் குறைகிறது என்றும் 2024-இல் வெளியிட்டார்கள். நம் நாட்டு நோயாளிகளிடம், நம் நாட்டு மருத்துவமனையில் கிடைத்த விடை என்பதால் அதை நான் மிகவும் மதிக்கிறேன். தூக்கம் அதிகமாக இருந்தால் மாத்திரையைத் தூக்கிப் போடாமல், அளவைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. டெக்சாமெத்தசோன் போடலாமா?

போடலாம், ஆனால் மருத்துவர் தெரிந்து போட வேண்டும். ஸ்டீராய்டு போடும் நாள்களில் இரத்தச் சர்க்கரை ஏறும், குறிப்பாகப் பிற்பகலிலும் மாலையிலும். காலை வெறும் வயிற்றில் பார்த்துவிட்டு ‘நார்மலாகத்தான் இருக்கிறது’ என்று இருந்துவிட வேண்டாம். அந்த நாள்களில் மாலையிலும் பாருங்கள். சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கும் சில நாள்கள் ஏறலாம். மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் போட்டுக்கொள்வது நல்லது. மாலையில் போட்டால் இரவு முழுதும் தூக்கம் வராமல் புரள்வீர்கள். விக்கலும் முகச் சிவப்பும் சிலருக்கு வரும், மருந்து நின்றதும் அவையும் நிற்கும். பலோனோசெட்ரான் சேர்ந்த சில முறைகளில் ஸ்டீராய்டை முதல் நாளோடு நிறுத்திவிட வழியுண்டு. சர்க்கரை கட்டுக்கடங்காதவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆன்டான்செட்ரான் போட்ட பிறகு மூன்று நாளாக மலம் கழியவில்லை. இது சாதாரணமா?

மிகச் சாதாரணம், ஆனால் அப்படியே விடத் தக்கதன்று. குடலின் அசைவை இம்மருந்து மந்தமாக்குகிறது. வலிக்கு மார்ஃபின் அல்லது டிரமடால் எடுப்பவர்களுக்கு இரட்டிப்பாகும். வயிறு உப்பி, அந்த உப்பலாலேயே குமட்டி, அந்தக் குமட்டலுக்கு மறுபடியும் ஆன்டான்செட்ரான் போட்டு மேலும் கட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கீமோ நாளிலேயே மலமிளக்கி ஒன்றை எழுதித் தரும்படி கேளுங்கள். தலைவலியும் இதன் வழக்கமான பக்க விளைவுதான்.

இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் இம்மருந்தைப் பற்றி முன்பே சொல்ல வேண்டும். அதிக அளவில் இது இதயத்தின் மின்னோட்டத்தைப் பாதிக்கும் என்பதால், ஒரே தடவையில் 32 மி.கி. ஊசி போடும் பழைய வழக்கத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் கைவிடச் செய்தது.

மாத்திரை போட்ட சற்று நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டேன். மறுபடி போடலாமா?

வாந்தியில் மாத்திரை முழுதாகத் தெரிந்தால் மருத்துவமனையை அழைத்துக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வாந்தி தொடர்ந்தால் விழுங்கும் மாத்திரையால் பயனில்லை. நாக்கில் வைத்தால் கரையும் ஆன்டான்செட்ரான் மாத்திரையோ ஊசியோ தேவைப்படும். கரையும் மாத்திரையை எடுக்கும்போது கை ஈரமில்லாமல் இருக்கட்டும், அட்டையின் மேல்தாளை உரித்து எடுங்கள். அழுத்தித் தள்ளினால் உள்ளேயே நொறுங்கிவிடும்.

எழுதிக் கொடுத்தவை அனைத்தையும் போட்டும் வாந்தி வருகிறதே?

அப்போது செய்ய வேண்டியது ஏற்கெனவே போட்ட மருந்தையே மேலும் மேலும் போடுவதன்று. வேறு வழியில் வேலை செய்யும் மருந்தைச் சேர்ப்பது. முன்பு ஒலான்சபின் கொடுக்காதிருந்தால் அதைச் சேர்ப்பார்கள். மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவையும் உண்டு. அடுத்த சுற்றுக்குத் திட்டத்தையே ஒரு படி உயர்த்துவார்கள். இது நடக்க வேண்டுமானால், “போன தடவை எத்தனை முறை வாந்தி, எந்த நாளில்?” என்ற கேள்விக்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். ஒரு நாட்காட்டித் தாளில் நாளுக்கு ஒரு கோடு போட்டு வைத்தாலே போதும்.

மெட்டோகுளோப்ரமைடு, அதாவது ‘பெரினார்ம்’, பற்றி ஓர் எச்சரிக்கை. குறிப்பாக இளம் வயதினருக்கு இது கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளவும், கண் மேலே சொருகிக்கொள்ளவும், நாக்குத் தடித்ததுபோல் பேச்சுக் குழறவும் செய்யலாம். வலிப்பு என்று பதறிவிடுவார்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால் ஓர் ஊசியில் சரியாகிவிடும். சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு வரும். அதுவும் மருந்தின் வேலைதான். ஒருநாளைக்கு 30 மி.கி.க்கு மேலும், ஐந்து நாள்களுக்கு மேலும் வேண்டாம் என்பது 2013-இல் ஐரோப்பிய மருந்து முகமை வகுத்த வரம்பு. ஒலான்சபினோடு இதைச் சேர்த்துப் போடுவதைத் தவிர்ப்பார்கள். வாயுத் தொல்லைக்கென்று பலர் தாங்களாகவே வாங்கும் ‘பான்-டி’யில் உள்ள ‘டி’ டோம்பெரிடோன். அதுவும் வாந்தி மருந்துதான், அதுவும் ஆன்டான்செட்ரானைப் போல இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. வீட்டில் இருப்பதை எல்லாம் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள்.

வாந்தி இல்லை, எப்போதும் குமட்டிக்கொண்டே இருக்கிறது. இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

அவசியம் சொல்ல வேண்டும். வாந்தியை மற்றவர்கள் காண்கிறார்கள், குமட்டலை யாரும் காண்பதில்லை. எச்சில் ஊறிக்கொண்டே இருப்பது, சோற்றைப் பார்த்தாலே தொண்டை அடைப்பது, ஒன்றும் வராமல் ஓங்கரிப்பது எல்லாம் சிகிச்சைக்குரிய தொல்லைகள். “வாந்தி உண்டா?” என்று மட்டும் கேட்டு மருத்துவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டால், ‘இல்லை’ என்பதோடு நிறுத்தாமல், ‘ஆனால் மூன்று நாள் சாப்பிடவே முடியவில்லை’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருத்துவமனை வாசலுக்கு வந்தாலே குமட்டுகிறது. இது மனப்பிரமையா?

பிரமை இல்லை. முந்தைய சுற்றுகளில் பட்ட துன்பத்தை அந்த இடத்தின் மணத்தோடும் காட்சியோடும் மூளை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. கை துடைக்கும் ஸ்பிரிட்டின் வாசனை, டிரிப்ஸ் ஸ்டாண்ட், ஏன், மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்தே போதும். இப்படி ஊறிப்போன குமட்டலுக்கு ஆன்டான்செட்ரான் வகை மருந்துகள் பெரிதாக உதவுவதில்லை. முந்தைய நாள் இரவும் அன்று காலையும் லோரசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைக் குறைந்த அளவில் தருவார்கள். உடலைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சியும் பயன் தரும். வராமல் தடுக்க ஒரே நல்ல வழி, முதல் சுற்றிலேயே வாந்தியை அடக்கிவிடுவதுதான்.

கீமோ நாளில் என்ன சாப்பிடலாம்?

வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறையவும் கூடாது. இட்லி, இடியாப்பம், கஞ்சி, மோர்ச் சோறு என்று எளியதைச் சிறிது சிறிதாக எடுங்கள். சூடான உணவில் மணம் அதிகம் எழுவதால் ஆறவைத்துச் சாப்பிடுவது பலருக்கு ஒத்துவருகிறது; தாளிக்கும் நேரத்தில் நோயாளி சமையலறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன்: மனத்துக்குப் பிடித்த உணவைக் கீமோவுக்குச் சற்று முன் கொடுக்காதீர்கள். 1978-இல் ஐலீன் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளர், கீமோ பெறும் குழந்தைகளுக்குச் சிகிச்சைக்கு முன் புதுச் சுவையுள்ள ஐஸ்கிரீம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். பின்னாளில் அந்தக் குழந்தைகளுள் பலர் அதே ஐஸ்கிரீமை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். “அவருக்குப் புடிக்குமேன்னு மீன் குழம்பு வச்சேன், இப்போ அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டேங்குறார்” என்று ஒரு மனைவி வருந்தியது எனக்கு மறக்கவில்லை.

இஞ்சிச் சாறு, நார்த்தங்காய் ஊறுகாய் போதாதா?

துணையாக இருக்கலாம், மாற்றாக இருக்க முடியாது. இஞ்சியைப் பற்றிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. உணவில் சேர்க்கும் அளவு இஞ்சியோ, வாயில் அடக்கிக்கொள்ளும் ஒரு துண்டு இஞ்சி மரப்பாவோ தடையில்லை. வாய்ப்புண் உள்ளவர்களுக்கு இஞ்சியும் ஊறுகாயும் எரியும். செறிவூட்டிய கேப்சூல்களையும் பெயர் தெரியாத பொடிகளையும் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் தவிர்க்க வேண்டும்.

ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளோடு இவை மோதுமா?

அப்ரெபிட்டன்ட்தான் இதில் கவனிக்க வேண்டியது. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் உறையாமல் காக்கும் பலன் சில நாள்களில் குறையக்கூடும் என்பதால் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை தேவை. கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும். போட்டு முடித்து ஒரு மாதம் வரை வேறு தடுப்பு முறை வேண்டும். டெக்சாமெத்தசோனின் அளவை இரத்தத்தில் உயர்த்துவதால், இரண்டையும் சேர்த்துத் தரும்போது ஸ்டீராய்டைக் குறைத்தே எழுதுவார்கள்.

வீட்டிலேயே விழுங்கும் கீமோ மாத்திரைகளுக்கு?

மாத்திரையைப் பொறுத்தது. கேப்சிடபினுக்குப் பெரும்பாலும் தேவைப்படும்போது போட ஒரு மருந்து போதும். மூளைக் கட்டிக்குத் தரும் டெமோசோலமைடை இரவில் வெறும் வயிற்றில் போடச் சொல்லி, அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஆன்டான்செட்ரான் தருவது வழக்கம். குழந்தைகளுக்கு எல்லாமே எடைக்கோ உடற்பரப்புக்கோ ஏற்பக் கணக்கிடப்படுவதால், பெரியவர்களின் மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது.

எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்?

ஒருநாள் முழுதும் தண்ணீர்கூடத் தங்காவிட்டால். சிறுநீர் மிகக் குறைந்து அடர்நிறமாகப் போனால். எழுந்தால் கண் இருட்டினால். வாந்தியில் இரத்தமோ காபித்தூள் போன்ற கறுப்போ தெரிந்தால் உடனே வாருங்கள். சிஸ்பிளாட்டின் பெற்றவர்களுக்கு நீர் வற்றுவது சிறுநீரகத்தையே கெடுக்கும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வாந்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது தனி அவசரம். பாராசிட்டமாலைப் போட்டுவிட்டு விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

கீமோ முடிந்து ஒரு வாரத்துக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வாந்திக்குக் கீமோவைக் காரணமாக்கக் கூடாது. குடல் அடைப்பு, இரத்தத்தில் கால்சியம் ஏறுவது, மூளையில் அழுத்தம், தொற்று, வலி மருந்து என்று பார்க்க வேண்டியவை பல. வயிறு வீங்கி, வாயு பிரியாமல் வரும் வாந்தியும், கடுந்தலைவலியோடும் குழப்பத்தோடும் வரும் வாந்தியும் இவ்வகை. தொலைபேசியில் அழைக்கும்போது எந்தக் கீமோ, எந்தத் தேதியில், எத்தனை முறை வாந்தி, கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது, இன்று போட்ட மாத்திரைகள் எவை என்று இந்த வரிசையில் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் ஒரு நிமிடத்தில் முடிவெடுத்துவிட முடியும்.